ஹேன்னாவுக்காகக் கேட்டவர்

மன்னிப்புக் கேட்டே ஒரு மனிதர் அடுத்தவர் உயிரை எடுக்க முடியுமா? முடியும். லான்மடாவில் எங்கள் வீட்டுக்குக் கீழே பலாட்டாக் கடை வைத்திருந்த பாய் என் உயிரை வருஷக்கணக்காக அப்படித்தான் எடுத்தார். பலாட்டா என்றால் வேறொன்றுமில்லை, நம் பரோட்டாதான். பர்மியர் வாயில் விழுந்து பலாட்டா ஆகிவிட்டது. ஊருக்கு யாங்கோன் என்று பெயர் மாறி எவ்வளவோ காலமாகியும் எங்களுக்கு அது ரங்கூன்தான் என்பது போல, கடைக்கு வருகிறவர்களுக்கு அது பலாட்டாதான்.

"சயாமா, ஒரு நிமிசம்" என்று மாடிப்படியில் அவர் குரல் கேட்டாலே கதவைச் சாத்திவிடலாமா என்று பார்ப்பேன். சயாமா என்றால் டீச்சர். நான் வீட்டிலேயே பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறவள். பாதிப் பாடத்தில் வந்து வாசலில் நிற்பார். வெள்ளைத் தொப்பி, முழங்கைவரை மாவு, நெற்றியில் வேர்வை.

"நேத்து ஒங்களுக்குக் கொடுத்த பலாட்டாவுல ஒரு ஓரம் கருகிப் போச்சு. பார்த்துக்கிட்டேதான் மடிச்சேன். கூட்டமா இருந்திச்சு, விட்டுட்டேன். பொருந்திக்கிடுங்க."

"கருகினதே எனக்குத் தெரியலை பாய். தின்னு முடிச்சாச்சு."

"ஒங்களுக்குத் தெரியலே. நான் தெரிஞ்சுல்ல செஞ்சேன்?"

'பொருந்திட்டேன்', அதாவது மன்னித்துவிட்டேன் என்று வாயைத் திறந்து சொல்கிறவரை நகரமாட்டார். பிள்ளைகள் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரிக்கும். நான் சொல்லித் தொலைப்பேன். அதன்பிறகு அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே, பாரம் இறக்கி வைத்த சுமைகூலிக்காரர் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டு இறங்கிப் போவார்.

அவர் நம்பிக்கை அது. தொழுகையில் குறை வைத்தால் அல்லாவிடம் அழுதால் போதும், அவன் மன்னிப்பான். ஆனால் மனிதனுக்கு மனிதன் செய்த தப்பு அப்படியில்லை. அது ஹக்கு. அடுத்தவனுடைய உரிமை. அந்த ஆள் தன் வாயால் பொருந்திக்கொண்டால்தான் தீரும், அதில் படைத்தவனே குறுக்கே வரமாட்டான் என்பார். நல்ல விஷயந்தான். எல்லாரும் நம்புகிற அளவுக்கு நம்பினால் நல்ல விஷயந்தான். இவர் ஒரு படி மேலே போய் நம்பினார். அதுதான் தொல்லை.

ஒரு சைக்காக்காரனை, அதாவது சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுகிறவனை, எப்போதோ கடைவாசலில் வண்டியை நிறுத்தினதற்காகத் திட்டிவிட்டாராம். அவன் லைங் தாயாவுக்குக் குடிபோய் ஏதோ தொழிற்சாலையில் காவல் வேலை பார்க்கிறான் என்று தெரிந்ததும், கடையைப் பூட்டிவிட்டு இரண்டு பஸ் மாறிப் போனார். அந்த ஆளுக்குச் சம்பவமே நினைவில்லை. 'நினைவில்லைன்னா எப்படிப் பொருந்துறது' என்று இவர் உட்கார்ந்து விலாவாரியாக எடுத்துச் சொல்லியிருக்கிறார்: என்ன கிழமை, எந்தக் கெட்ட வார்த்தை, அவன் அம்மாவை எப்படி இழுத்தார். கேட்கக் கேட்க அவனுக்கு ரத்தம் ஏறிவிட்டது. சட்டையைப் பிடித்துவிட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் விலக்கிவிட்டிருக்கிறார்கள். பிறகு அவனே டீ வாங்கிக் கொடுத்து, பொருந்திக்கொண்டு, பஸ் ஏற்றிவிட்டான். கிழிந்த காலரோடு வந்து சந்தோஷமாக என்னிடம் சொன்னார்.

"சும்மா கிடந்தவனைக் கிளப்பிவிட்டு வந்திருக்கீங்களே பாய்!"

"சும்மாவா கிடந்தான்? உள்ளுக்குள்ள இருந்திச்சு சயாமா. இல்லாட்டி அவ்வளவு கோவம் எங்கேருந்து வரும்?"

இந்த மனிதர் ஹஜ்ஜுக்குப் போக நிய்யத்து வைத்தார். கேட்க வேண்டுமா! பயணம் போகிறவர்கள் தெரிந்தவர்களிடமெல்லாம் பொருத்தம் கேட்டுவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். மற்றவர்கள் ஒரு விருந்து வைத்து, 'எல்லாரும் பொருந்திக்கிடுங்க' என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். இவர் வீடு வீடாக ஏறினார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், தலையில் அடித்துக்கொண்டார்.

"ஊர்ல ஒரு நாய் பாக்கியில்லே சயாமா. அதுங்ககிட்டயும் கேட்டுட்டு வந்திருக்கு இந்த மனுசன்."

அந்தச் சமயம் பார்த்துத்தான் தெருவில் சாக்கடையை அகலப்படுத்த வந்தார்கள். கடை முகப்பில் செங்கல் மேடை கட்டி, அதன்மேல் ஒரு சலவைக்கல் பலகையைச் சிமெண்டு பூசிப் பதித்திருந்தார்கள். அதில்தான் மாவு பிசைவது, அடிப்பது, வீசுவது எல்லாம். அவருடைய வாப்பா காலத்துக் கல். மாவ்பி பக்கத்தில் ஒரு கல்வியாபாரியிடம், பழைய பங்களாவில் பெயர்த்தது என்று சொல்லி வாங்கினதாம். எண்ணெய் குடித்துக் குடித்து வெண்ணெய் நிறமாகியிருந்தது. மேடையை இடித்து, நாலு பேர் பிடித்துக் கல்லைப் புரட்டி நடைபாதையில் வைத்தார்கள். அடிப்பக்கம் எழுத்து இருந்தது.

என்னைக் கூப்பிட்டார். இறங்கிப் போய், துடைப்பத்தால் சிமெண்டைத் தட்டிவிட்டு வாசித்தேன். ஹேன்னா. இன்னாருடைய மனைவி. அமெரிக்காவில் வெர்மாண்ட் மாகாணத்தில் இன்ன ஊரில் பிறந்தவள். ரங்கூனில் காய்ச்சலில் இறந்தவள். அதற்குக் கீழே ஒரு வேத வசனம், பாதி சிதைந்தது. எனக்கு வாய் சும்மா இருக்குமா? யோசிக்காமல் கத்திவிட்டேன்.

"ஐயையோ, இது கல்லறைக் கல் பாய்! யாரோ மிஷன்காரன் பெண்டாட்டி!"

தெருவே திரும்பிப் பார்த்தது. டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் கையிலிருந்த பலாட்டாவை மெல்ல மேஜையில் வைத்தார். பாய் கல்லைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊர் நடுவே இருந்த பழைய வெள்ளைக்காரர் இடுகாட்டைக் காலி செய்தபோது கற்கள் எங்கெங்கோ போயின என்பது ஊருக்கே தெரிந்த கதை. ஆனால் அதில் ஒன்று தன் கைக்குக் கீழே இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

"ஹன்னா, மர்யம் நாச்சியாரோட தாயார் பேரு" என்றார். "அந்தப் பேரை வச்சிருந்த ஒரு பொம்பளையோட நெஞ்சு மேல வாப்பாவும் நானும் இத்தனை காலம் ஓங்கி ஓங்கி அடிச்சிருக்கோம்."

பள்ளிவாசல் ஹஜ்ரத் நல்ல மனிதர். தெரியாமல் செய்ததற்குக் குற்றமில்லை, கல்லை மரியாதையாக ஓரிடத்தில் வைத்துவிட்டு நிம்மதியாகப் புறப்படுங்கள் என்று சொல்லி அனுப்பினார். இவர் கேட்டால்தானே?

"ஹஜ்ரத்து சொன்னது அல்லாவோட கணக்கு. அந்தப் பொம்பளையோட கணக்கை அவரு எப்படிச் சொல்லுவாரு? அவங்க மவுத்தாப் போயிட்டாங்க. அப்ப வாரிசு பொருந்தணும். வாரிசைத் தேடுங்க சயாமா. கிடைக்காட்டி நான் போகப் போறதில்லே."

அக்கா அழுதுவிட்டார். பயணக் குழுவில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்திருந்தது. வெள்ளைத் துணிகூட வாங்கி மடித்து வைத்தாயிற்று. வயசு போய்க்கொண்டிருக்கிறது, இந்த வருஷம் விட்டால் இனி எந்த வருஷம்? அன்று மத்தியானம் மேலே ஏறி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யாரோ எழுதிட்டாங்க, பொருந்திட்டாங்கன்னு சொல்லிப்புடு சயாமா. உனக்குப் புண்ணியமாப் போகும்."

எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. யாருக்குத் தெரியப்போகிறது? மறுநாள் கீழே போய் ஆரம்பித்தேன். "பாய், அமெரிக்காவிலிருந்து..." என்றேன். அவ்வளவுதான். என் முகத்தை ஒரு தரம் பார்த்தார்.

"பொய் சொல்லிடாதீங்க சயாமா. எனக்காகச் சொன்னாலும் அது ஒங்க தலையில ஏறிடும். அதுக்கு நான் யார்கிட்ட போய்க் கேக்குறது?"

எனக்குச் சுருக்கென்றது. மேலே வந்து கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

ரங்கூனில் உட்கார்ந்துகொண்டு, நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய ஓர் அமெரிக்கக் குடியானவப் பெண்ணின் வம்சத்தைத் தேடுவது லேசான காரியமா? ஊர்ப் பெயர் இருந்ததால் பிழைத்தேன். அந்த ஊர் நூலகத்துக்கு எழுதினேன். அங்கே சும்மா பொழுதுபோக்குக்காக வம்சாவளி தேடித் தரும் ஒரு பெரியவர் அகப்பட்டார். எனக்குப் பாயும் அவருக்கு நானும் சரியான தொல்லை. ஏனென்றால் பாய்க்கு வாரிசின் விலாசம் மட்டும் போதவில்லை.

"எத்தனை மாடு வச்சிருந்தாங்க?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"ஆளைத் தெரியாம மாப்புக் கேட்டா, ஆபீசுக்கு மனுப் போட்ட மாதிரி ஆயிடும்."

அதனால் தெரிந்துகொண்டோம். மலைச்சரிவில் கல்லும் மண்ணுமான ஒரு பண்ணை. அவள் அப்பாவிடம் ஆட்டுமந்தை இருந்தது. கம்பளிக்கு விலை விழுந்ததும் ஆடுகளை விற்றுவிட்டு மாடு வாங்கினார். வரிசையாகப் பெண்கள், மூத்தவள் ஹேன்னா. பாலாடைக்கட்டி செய்வாள். பனிக்காலத்தில் வயல்வேலை இல்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துவாள். பனி உருகத் தொடங்கும்போது வீட்டோடு காட்டுக்குப் போய் மரத்தில் துளை போட்டு, வடிகிற நீரைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்கள். இதைச் சொன்னபோது பாயின் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்ம பனைவெல்லம் மாதிரியா? அப்ப அடுப்படியில நின்னு கையெல்லாம் சுட்டுக்கிட்டவங்கதான். நம்ம ஆளுதான்."

பர்மாவுக்குப் புறப்பட்டிருந்த மிஷன்காரர் ஒருவர் அந்த ஊருக்குப் பெண் தேடி வந்திருக்கிறார். பார்த்த மாசத்திலேயே கல்யாணம், கப்பல். பாய்க்கு அது பிடிக்கவில்லை. ஒரு மாசத்தில் ஒரு பெண் என்னத்தை முடிவு செய்திருக்க முடியும் என்று என்னிடம் சண்டைக்கு வந்தார், நானே கட்டிக்கொடுத்த மாதிரி.

நடுவில் ஒரு கூத்து. அதே ஊரில் அதே பெயரில் இன்னொரு ஹேன்னா இருந்திருக்கிறாள். அந்தக் குடும்பத்துக்குத் தவறுதலாக எழுதிவிட்டேன். தங்கமான ஜனங்கள். உடனே 'மனதார மன்னித்தோம், எங்களுக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள்' என்று பதில் வந்துவிட்டது. அக்கா தெரு முழுக்க அல்வா கிண்டிக் கொடுத்தார். மறுவாரம் நூலகத்துப் பெரியவர், 'மன்னிக்கவும், அவள் ஊரைவிட்டே போகாதவள், உள்ளூரிலேயே புதைக்கப்பட்டிருக்கிறாள்' என்று எழுதினார். பாய் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு, "அவங்க கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்திடுங்க சயாமா. நமக்கு உள்ளது இல்லே அது" என்றார். ஒரு குடும்பத்துக்கு மன்னிப்பைத் திருப்பி அனுப்பிக் கடிதம் எழுதினவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த நாட்களில் அவர் தகரம் அடித்த மரப்பலகையில் மாவு அடித்தார். சத்தமே மாறிப்போயிற்று. பலாட்டா ரப்பராக வந்தது. ஆட்கள் எதிர்க்கடைக்குப் போனார்கள். கல் வெள்ளைத் துணி போர்த்தி வீட்டுக்குள் சுவரோரம் நின்றது. அதற்கு முன்னால் அக்கா கால் நீட்டி உட்காரக்கூடாது.

கடைசியில் ஆள் கிடைத்தது. ஹேன்னாவுக்கு லிடியா என்று ஒரே மகள். லீவில் ஊருக்குப் போனபோது ஹேன்னா குழந்தையைத் தன் தங்கை பண்ணையில் விட்டுவிட்டு இங்கே திரும்பியிருக்கிறாள். இரண்டாவது மழைக்காலத்தில் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. லிடியாவின் பேத்திக்குப் பிறந்த மகள் இப்போது அதே மலையில் மாடு வைத்துப் பால் விற்கிறாள். 'பிள்ளை இருந்திச்சா! அப்ப வாரிசு இருக்கு!' என்று பாய் துள்ளின துள்ளலில், குழந்தையை விட்டுவிட்டு வந்தாள் என்ற பாதியை நாங்கள் இரண்டு பேருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

காலை வியாபாரம் முடிந்ததும் பேசுவதாக ஏற்பாடு. அங்கே அவர்களுக்கு முந்தின நாள் ராத்திரி. பால் டின்னில் என் ஃபோனைச் சாய்த்து வைத்தேன். திரையில் எழுபது வயதிருக்கும் அம்மாள், ஆண்பிள்ளைச் சட்டை, புடைத்த விரல் கணுக்கள். பாய் புதுச்சட்டை போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு, வாத்தியார் முன்னால் நிற்கிற பையன் மாதிரி நின்றார். நான் சுருக்கமாக விஷயத்தைச் சொன்னேன். அந்தம்மா சிரித்துவிட்டார். இதற்கெல்லாமா மன்னிப்பு, தாராளமாக மன்னித்தேன் என்றார். பாயிடம் சொன்னேன்.

"சிரிச்சுக்கிட்டுச் சொன்னா சேராது சயாமா. அவங்களுக்குப் புரியலே. முழுசாச் சொல்லுங்க."

சைக்காக்காரன் கதைதான். வேறு வழியில்லாமல் முழுக்கச் சொன்னேன். கைமுட்டியால் குத்துவது, ஓங்கி அறைவது, எண்ணெய் ஊற்றுவது, ராத்திரி கத்தியால் சுரண்டிக் கழுவுவது, அந்தக் கல்லின்மேலேயே ஏறி உட்கார்ந்து வெற்றிலை போட்டது. அந்தம்மாவின் சிரிப்பு நின்றது. கேட்டு முடித்து, பாயை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"உங்களை மன்னித்தேன். இப்போது உண்மையாகவே சொல்கிறேன்."

பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளேயிருந்து அக்கா, 'அல்ஹம்துலில்லாஹ்' என்று உரக்கச் சொல்வது கேட்டது. அதோடு ஃபோனை வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இவர்தான் விடவில்லையே. ஹன்னா பீவி எப்படிப்பட்டவங்கன்னு வீட்டுல பேசிக்குவாங்க, கேளுங்க என்றார். கேட்டேன்.

"எங்கள் வீட்டில் அவளைப் பற்றிப் பேசமாட்டார்கள்" என்றார் அந்தம்மா.

பிறகு அவரே சொன்னார். லிடியா தொண்ணூறு வயதுவரை இருந்தாளாம். இவர் சிறுமியாக இருந்தபோது பார்த்திருக்கிறார். 'சீக்கிரம் வந்துவிடுகிறேன்' என்று சொல்லித்தான் அம்மா வண்டி ஏறினாளாம். நாலு வயதுக் குழந்தை நம்பியிருக்கிறது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் வெளியே கிளம்புகிற எவரும் வருகிறேன் என்று சொல்லக்கூடாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகூட, போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வருகிறேன் என்று யாராவது வாய் தவறினால் அந்தக் கிழவி சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிடுவாளாம். 'ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க உலகத்தின் அந்தக் கோடிக்குப் போனாள், பெற்ற பிள்ளைக்கு ஒரு தலை வாரிவிட ஆளில்லை' என்று முடித்தார். பழங்கதை சொல்கிற குரல் இல்லை அது. நேற்று நடந்த மாதிரி சொன்னார்.

நான் மொழிபெயர்த்தேன். பாய் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"நாம போறேன்னு சொல்லக் கூடாதும்போம். அவங்க வீட்டுல வர்றேன்னு சொல்லக் கூடாதாம்..." என்றார். அப்புறம் எழுந்து ஃபோன் பக்கத்தில் வந்தார். "அப்ப ஹன்னா பீவி ஹக்கு பாக்கி வச்சுட்டுத்தான் போயிருக்காங்க. கேக்க அவங்களுக்கு வாய் இல்லே. அவங்க மேல அடிச்ச மாவுலதான் என் குடும்பம் தின்னுச்சு. நான் கேக்குறேன். ஹன்னாவைப் பொருந்திக்கிடச் சொல்லுங்க இந்தம்மாகிட்ட."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கு வேண்டியது கிடைச்சாச்சு. செத்தவளுக்கு நீங்க என்ன வக்காலத்து?" என்று தமிழில் கத்தினேன். என்ன நடக்கிறது என்று அந்தம்மா கேட்டார். சொன்னேன். அந்த முகம் இறுகிவிட்டது.

"அது என்னுடையது இல்லை. லிடியாவுடையது."

"நீங்கதானே வாரிசு?" என்றார் பாய்.

"கோபத்துக்கும் நான்தான் வாரிசு" என்றார் அந்தம்மா. "முடியாது."

பாய் தலையாட்டினார். வருத்தமாக இல்லை. மரியாதையாக ஆட்டினார். "சரியாத்தான் சொல்றாங்க. இந்த வருசம் இல்லேன்னா அடுத்த வருசம் கேக்குறேன்னு சொல்லுங்க."

கல்லை என்ன செய்வது என்று கேட்டதற்கு, எனக்கு வேண்டாம் என்று அந்தம்மா சொல்லிவிட்டார். பக்கத்திலிருந்த ஒரு சிறிய சர்ச்சின் பாதிரியார் வளாகத்தில் வாதாம் மரத்தடியில் இடம் கொடுத்தார். கல்லை நட்ட அன்று நானும் போயிருந்தேன். எல்லாரும் நகர்ந்த பிறகு பாய் குனிந்து அதனிடம் பேசினார். 'கேட்டேன் தாயி. தரமாட்டேன்னுட்டாங்க. மறுபடி கேக்குறேன்.' நானாக இருந்தால் செத்தவளிடமாவது ஒரு நல்ல பொய்யைச் சொல்லியிருப்பேன்.

ஹஜ்ஜுக்குப் போய்விட்டு வந்தார்கள். அதன்பிறகு ஒவ்வொரு பெருநாளுக்கும் மறுநாள் மாடிப்படியில் குரல் கேட்கும், அமெரிக்காவுக்கு ஃபோன் போடச் சொல்லி. நான் மொழிபெயர்ப்பில் மென்மையாக்கிவிடுவேன் என்று என்மேல் சந்தேகம். அதனால் கேள்வியைத் தமிழிலேயே தானே கேட்பார்.

"பொருந்திட்டியளா?"

அந்தம்மாவுக்கும் அந்தச் சொல் பழகிவிட்டது. முதல் வருஷம் 'இல்லை' என்று ஒரே வார்த்தை. அடுத்த தடவை 'இல்லை, உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது' என்றார். பிறகு இரண்டு பேரும் மாட்டைப் பற்றியும் மாவைப் பற்றியும் என்னை நடுவில் வைத்துக்கொண்டு அரட்டை அடிப்பார்கள். கடைசியில் கேள்வி, கடைசியில் இல்லை. ஊரில் கலவரமாகி இணையம் அறுந்து கிடந்த வருஷம், பெருநாள் கழிந்து வெகுநாளான பிறகுதான் லைன் கிடைத்தது. அந்தம்மா அழுகிற மாதிரி இருந்தார். 'இந்த வருஷம் கேட்கமாட்டீர்கள் என்று நினைத்துவிட்டேன்' என்றார். அப்போதும் இல்லை என்றுதான் சொன்னார்.

பாய் போன நோன்பில் படுத்தார். நுரையீரலில் நீர். பெருநாள் வந்ததும் போனதும் அவருக்குத் தெரியாது. மூன்று நாள் கழித்து மூச்சு நின்றது. ஜனாஸாவைத் தூக்குமுன் தெருவில் வைத்து, இவருக்கும் உங்களுக்கும் ஏதாவது ஹக்கு இருந்தால் பொருந்திக்கொள்ளுங்கள் என்று ஹஜ்ரத் கேட்டார். 'பொருந்திட்டோம், பொருந்திட்டோம்' என்று கூட்டம் சொன்னது. நான் பால்கனியில் நின்று அழுதுகொண்டிருந்தேன். அவர் பாக்கியெல்லாம் எப்போதோ தீர்ந்தாயிற்று, இருக்கும்போதே சில்லறை சில்லறையாகத் தீர்த்துவிட்டவர். நான்? அவர்மேல் எத்தனை தரம் எரிந்து விழுந்திருக்கிறேன், படியில் குரல் கேட்டதும் எத்தனை தரம் கதவைச் சாத்தி வீட்டில் இல்லாத மாதிரி இருந்திருக்கிறேன். அந்தக் கருகின பலாட்டா மனிதரிடம் நான் ஒரு தரம், ஒரே ஒரு தரம், பொருந்திக்கிடுங்க பாய் என்று சொன்னதில்லை. அது தோன்றவே இல்லையே எனக்கு!

புருஷனுக்குத் துக்கம் காக்கிற இத்தா முடிந்ததும் அக்காவிடம் போய்ச் சொன்னேன். நீங்கள்தான் வாரிசு, அவருக்காக நீங்கள் பொருந்திக்கொள்ள வேண்டும் என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"போச்சுடா. இந்த மனுசன் போயி நீ ஆரம்பிச்சிட்டியா?" என்றார். சிரிப்பும் அழுகையுமாகக் கன்னத்தைத் துடைத்துக்கொண்டார். "பொருந்திட்டேன், போ. அமெரிக்காக்காரிக்குச் சொன்னியா?"

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். அங்கேயே அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழைத்தேன். அந்தம்மா தளர்ந்து போயிருந்தார். செய்தியைக் கேட்டதும் திரையைவிட்டு எங்கோ பார்த்தபடி இருந்தார். 

"இந்த வருஷம் அவர் கேட்கவில்லை" என்றார்.

அக்காவுக்கு அதை மொழிபெயர்த்தேன். அக்கா முக்காட்டைச் சரி செய்துகொண்டு என் தோளைத் தள்ளினார்.

"நீ கேளு சயாமா."

எனக்கு ஆங்கிலம் வரவில்லை. அவர் கேட்கிற மாதிரியே, பொருந்திட்டியளா என்று கேட்டேன்.

அந்தம்மா கண்ணை மூடித் திறந்தார். "இல்லை" என்றார். பிறகு அவசரமாக, நான் ஃபோனை வைத்துவிடுவேனோ என்று பயந்த மாதிரி, "அடுத்த வருஷமும் கேள். நிறுத்திவிடாதே" என்றார்.

"என்ன சொல்றா?" என்றார் அக்கா.

"அடுத்த வருஷமும் கேக்கணுமாம்."

"கேப்போம்னு சொல்லு" என்றார் அக்கா.